முப்பத்தொரு டிகிரி

வைகாசி பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. காலை ஒன்பது மணிக்கே ஜான்சனின் கார் ஷெட்டுக்குள் முப்பத்தெட்டு டிகிரி.

ஷெட்டில் கார் இல்லை. நாவலூர் கம்பெனி வேலை போன மூன்றாம் மாதம் காரும் போயிற்று. இப்போது அங்கே ஒரு நீள மேசை, சிலிக்கான் அச்சுகள், ரெசின் கேன்கள். கல்யாண மாலை, குழந்தையின் முதல் முடி, தொப்புள்கொடி என்று ஜனங்கள் கொண்டுவருவதைக் கண்ணாடி போன்ற ரெசினுக்குள் உறைய வைத்துக் கொடுப்பது அவன் தொழில். திருவிடந்தையில் அவன் வீட்டு வாசலில் போர்டு கிடையாது. போனில் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

ரெசினுக்கு வெயில் ஆகாது. இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் அது தானே சூடாகி இறுகும். வெளியிலும் சூடு இருந்தால் உள்ளே கொதித்துவிடும். சித்திரையில் ஒரு கல்யாண மாலை அப்படித்தான் போனது. புகை வந்து, மஞ்சளாகி, நடுவில் பிளந்தது. நல்லவேளை, அந்தக் கல்யாணப் பெண் சிரித்துவிட்டாள். வேறு மாலை வாங்கிக் காயவைத்துக் கொண்டுவந்தாள். எல்லா ரோஜாவும் ரோஜாதானே சார் என்றாள்.

கோதை அம்மாள் கொண்டுவந்த மாலைக்கு வேறு மாலை கிடையாது.

அவள் செங்கல்பட்டில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஸ்வீட் டப்பாவில் பஞ்சு விரித்து, அதன் மேல் வைத்துக் கொண்டுவந்தாள். பழுப்பு நிறத்தில் சுருண்டிருந்தது. பஞ்செல்லாம் தூள்.

"உங்க ஊர்க் கோயில் மாலைதான்" என்றாள்.

ஜான்சனுக்குத் தெரியும். கல்யாணம் ஆகாதவர்கள் வந்து, பெருமாளுக்குச் சாத்திய மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது முறை சுற்றுவார்கள். வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள். கல்யாணம் ஆனதும் ஜோடியாக வந்து அந்தக் காய்ந்த மாலையைக் கோயில் மரத்தடியில் சேர்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வழியில் அந்தக் கூட்டத்தைத் தாண்டித்தான் அவன் வண்டியை எடுக்கவேண்டும்.

"எம்பிள்ளை அச்சுதன் போட்டுண்டு சுத்தினது. நாலு வருஷம் ஆச்சு."

"கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

"அதுக்கு முன்னாடியே போயிட்டான். பைக்கில போனவன்."

ஜான்சன் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கல்யாணம் ஆகாம இதைக் கோயில்ல சேர்க்க முடியாது. தூக்கிப்போட கை வரலை. தொட்டா உதிர்றது. பார்த்துண்டு இருக்கிற மாதிரி பண்ணிக் குடுங்கோ. வைகாசித் திருவோணம் அவன் பொறந்த நட்சத்திரம். அன்னிக்கு வேணும்."

"ஆடி வரைக்கும் பொறுத்தீங்கன்னா வெயில் கொஞ்சம் தணியும்மா."

"அதுக்குள்ள எனக்குத் தூள்தான் மிஞ்சும், ஜான்சன்."

அவன் வாங்கி வைத்துக்கொண்டான்.

கூரைத் தகரத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தான். அதன் மேல் தென்னங்கீற்று போட்டான். மேற்குப் பக்கம் பச்சை வலை கட்டினான். சுவரை உடைத்து எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தான். மதியம் நாற்பத்து மூன்று காட்டிய மீட்டர் நாற்பது காட்டியது. ரெசின் கேனில் இருபத்தைந்து என்று எழுதியிருந்தது. முப்பதைத் தொட்டாலும் சமாளித்துவிடலாம் என்று அவனுக்கு ஒரு கணக்கு.

வீட்டில் ஏசி இருந்தது படுக்கையறையில் மட்டும். அங்கே ஐந்து மாதக் குழந்தை.

"நான் புள்ளயத் தூக்கினு அம்மா வூட்டுக்குப் போயிடறேன்" என்றாள் ஜாக்குலின். "ரெண்டு நாள்தானே. ரூம்லயே வெச்சு ஊத்து."

"அந்த நாத்தம் மெத்தையில ஏறினா ஒரு மாசம் போவாது. இந்த வெயில்ல கைக்கொழந்தைய பஸ்ல தூக்கினு போவியா?"

"அந்தம்மா மூஞ்சியப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"ஷெட்டுலயே முடிச்சுடுவேன்."

பக்கத்து வீட்டு முனிசாமி கல்யாணங்களுக்குப் பந்தல், நாற்காலி, கூலர் வாடகைக்கு விடுகிறவர். மதில் மேல் தலையை நீட்டினார்.

"இன்னா அண்ணாத்த, உள்ளயே குந்திகினு கருவாடா ஆய்டுவ போலகீதே."

"சூடு எறங்க மாட்டேங்குதுப்பா."

"இதுக்கா பேஜாரு? நம்மகிட்ட டிரம் கூலர் கீது. ஐநூறு பேரு துன்ற எடத்தையே சில்லுனு ஆக்கும். உன் ஷெட்டு இன்னா, தீப்பெட்டி."

"கரண்ட் தாங்குமா?"

"ஃபேன் இழுக்கிறதுதான் இழுக்கும். தண்ணிய மட்டும் ஊத்திகினே இரு. சாக்க நனைச்சுக் கூரை மேல போடு. அப்பால ஸ்வெட்டர் கேப்ப."

கூலர் வந்தது. ஆள் உயரம். ஜான்சன் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினான். கூரை மேல் ஈரச் சாக்கு. காற்று தப்பிப் போகாமலிருக்க ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டான். மதியம் இரண்டு மணிக்கு மீட்டர் முப்பத்தொன்று காட்டியது. அவன் அதைப் போட்டோ எடுத்து ஜாக்குலினுக்கு அனுப்பினான். அவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

பூமாலையும் அதே குளிர்ச்சிக்கு வரட்டும் என்று அதை எடுத்து அச்சுக்குள் வளைத்து வைத்தான். ஒரு பகலும் ஓர் இரவும் கூலர் காற்றில் அது கிடந்தது. விடிகாலையில் தொட்டுப் பார்த்தான். முந்தின நாள் சரசரவென்று உதிர்ந்த இதழ் இப்போது உதிரவில்லை. வளைந்து கொடுத்தது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆறு மணிக்கு ரெசினைக் கலந்து மெதுவாக ஊற்றினான்.

எட்டு மணி வரை தெளிவாக இருந்தது. பழுப்பு இதழ், நார், ஜரிகை நூல் எல்லாம் தெரிந்தன. ஒன்பது மணிக்கு இதழ்களின் ஓரத்தில் குமிழ் வந்தது. ஊசியால் குத்தினான். குத்திய இடத்தில் நான்கு வந்தன. பத்து மணிக்கு ஒவ்வொரு பூவைச் சுற்றியும் பால் சிந்தின மாதிரி ஒரு வட்டம்.

அப்போதுதான் அவன் ஷெட்டின் சுவரைத் தொட்டுப் பார்த்தான். நீர் கோத்திருந்தது. மீட்டரின் முகத்திலும் நீர். கடல் அரை மைல் தூரம்கூட இல்லை. காற்றிலேயே ஈரம். அதன் மேல் அவன் இருபது குடம் தண்ணீரை ஊற்றி ஷட்டரையும் இறக்கியிருந்தான். நான்கு வருஷமாகக் காய்ந்துகிடந்த பூ அத்தனையையும் குடித்திருந்தது. ஈரம் பட்டால் ரெசின் வெளுத்துவிடும் என்பது தெரியாதவன் அல்ல அவன். சூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கூலரை அணைத்தான். ஷட்டரைத் தூக்கினான். அனல் உள்ளே வந்தது. மாலையை வெளியே எடுத்துவிடலாம் என்று இடுக்கியை விட்டான். ரெசின் பாகுப்பதத்துக்கு வந்திருந்தது. இடுக்கியோடு ஒரு பூ மட்டும் வந்தது, பாதி. அதைத் திரும்ப அதே இடத்தில் வைத்தான். பிறகு கையை எடுத்துவிட்டான். செய்வதற்கு எதுவும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அது வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சில்லுனு கீதா அண்ணாத்த?" மதிலுக்கு அந்தப்புறமிருந்து முனிசாமி.

"கீதுப்பா."

மதியம் ஜாக்குலின் குழந்தையோடு வந்து எட்டிப்பார்த்தாள்.

"ரூம்ல வெச்சிருந்தா..." என்று அவனே ஆரம்பித்தான்.

"வந்து சோறு துன்னு" என்றாள்.

திருவோணத்தன்று காலை கோதை அம்மாள் ஆட்டோவில் வந்தாள். போனில் சொல்லிவிட வேண்டும் என்று ஐந்து நாளாய் நினைத்திருந்தான். சொல்லவில்லை. அவள் கையில் பட்டுத் துணி இருந்தது, சுற்றி எடுத்துப்போக.

மேசை மேல் இருந்ததைப் பார்த்தாள். பிறகு மேசையின் மற்ற இடங்களைப் பார்த்தாள்.

"எங்கே?"

"இதாம்மா."

கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். குனிந்தாள். தயிர்க் கட்டி மாதிரி இருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் ஜரிகை நூல் கொஞ்சம் தெரிந்தது.

"உள்ள இருக்கா?"

"இருக்குதும்மா."

"எனக்குத் தெரியலையே."

"ஈரம் ஏறிடுச்சும்மா. ஷெட்டு குளிரட்டும்னு கூலர் வெச்சேன். என் தப்புதான்."

"தேய்ச்சா தெரியுமா?"

"உள்ள வரைக்கும் இப்படித்தாம்மா."

"உடைச்சா?"

"பூவும் சேர்ந்து உடைஞ்சுடும்."

அவள் அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் கேட்டுக்கொண்டு நிற்கலாம்.

"நீங்க என்ன பண்ணுவேள், ஜான்சன். வெயில் அப்படி" என்றாள்.

பட்டுத் துணியை விரித்தாள். மடித்தாள். மறுபடி விரித்தாள்.

"அந்த டப்பாவில நிறைய உதிர்ந்திருந்ததே. அந்தத் தூளையாவது குடுங்கோ. அது போறும்."

ரெசினில் தூசி விழக்கூடாது. ஊற்றுவதற்கு முன் டப்பாவைத் தெருவில் தட்டிவிட்டு, மேசையையும் தரையையும் ப்ளோவரால் ஊதிச் சுத்தம் செய்திருந்தான். எந்த வேலைக்கும் அப்படித்தான் செய்வான்.

"பாக்கறேம்மா" என்றான்.

மேசைக்கு அடியில் குனிந்தான். சிமெண்டுத் தரை கூலர் தண்ணீரில் கழுவிவிட்டாற்போல் இருந்தது. ஒரு கேனை நகர்த்திப் பார்த்தான். அடுத்ததை நகர்த்தினான். சாக்கு நார் ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான். கடைசிக் கேனுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"நிதானமா தேடுங்கோ" என்றாள் அவள். "நான் இருக்கேன். ஆட்டோ நிக்கும்."

அவன் முதல் கேனிலிருந்து மறுபடி நகர்த்த ஆரம்பித்தான்.