கேளாத காதின் பக்கம்

சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. கடைசியில் அம்மா ஒரு வார்த்தை சொன்னாள் என்கிறேன் நான். அவள் வாயே திறக்கவில்லை என்கிறான் அண்ணன்.

அப்பா வெல்டர். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருமுறை அம்மாவைக் காதோடு சேர்த்து அறைந்தார். அன்றோடு அவளுடைய இடது காது போயிற்று. எங்கள் இருவருக்கும் அது தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை.

பிறகு குடியை விட்டு சபையில் சேர்ந்தார். ஞாயிறுதோறும் முன்னால் போய் முழங்காலிட்டு, "பெண்டாட்டியை அடிச்ச பாவி நான்" என்று குலுங்கிக் குலுங்கி அழுவார்.

"அப்பா பக்கத்துல ஒரு வாளி வைக்கலாம்" என்பான் அண்ணன்.

வீட்டிலும் விடமாட்டார். அம்மா தைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு இடப்பக்கம், சன்னலோரத்தில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து அவள் காதோரம் குனிந்து, "என்னை மன்னிச்சிரும்மா" என்று முணுமுணுப்பார். தையல் மிஷின் ஓடுகிற சத்தத்தில், செத்த காதில் சொன்னது எங்கே கேட்கும்? அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள். "உங்கம்மா கல்நெஞ்சுக்காரி" என்று எங்களிடம் வந்து புலம்புவார்.

ஒருநாள் போதகர் பிரசங்கத்தில் சொன்னார்: "அழுகை மட்டும் மனந்திரும்பினதுக்கு அடையாளம் இல்ல. தேவனுக்கேற்ற துக்கம் வந்தவன் தன் கண்ணீரைப் பார்த்துக்கிட்டு உட்காரமாட்டான். தான் பண்ணின காயத்தைப் போய்ப் பார்ப்பான்."

எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது அப்பாதான்.

அன்று சாயங்காலம் அம்மாவின் வலப்பக்கம் போய் நின்றேன்.

"அப்பாகிட்ட சொல்லிடறேம்மா. உன் காதைப் பத்தி."

நூலைப் பல்லால் கடித்தாள். "நீ சொன்னா அது உன் வருத்தம்டி. அவருக்கா ஒருநாள் தோணட்டும், இவ ஏன் திரும்பவே மாட்டேங்கிறான்னு."

"தோணலேன்னா?"

அவள் ஊசியில் அடுத்த நூலைக் கோத்தாள். நான் நகரவில்லை. அறை இருட்டியது.

பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கால் மெல்லத் தேறியது. வலது கையும் பேச்சும் போனது போனதுதான். மருத்துவமனையில் நர்ஸ் ஒருத்தி அம்மாவின் இடப்பக்கம் நின்று மாத்திரை விவரம் சொன்னாள். அம்மா அசையவில்லை.

"என்னம்மா, காது கேக்காதா?" என்று தோளைத் தொட்டாள்.

"அந்தக் காது போயி ரொம்ப வருஷமாச்சு. இந்தப் பக்கம் வந்து சொல்லும்மா."

"எப்படிப் போச்சு?"

அம்மா கட்டிலைப் பார்த்தாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீடு திரும்பியதும் அந்த நாற்காலியில், பழைய இடத்தில் அவர் உட்காரவில்லை. ஒற்றைக் கையால் அதை இழுத்து, மிஷினைச் சுற்றி வலப்பக்கம் கொண்டுபோனார். பிடிக்கப் போன என்னையும் அண்ணனையும் தலையாட்டித் தடுத்தார். உட்கார்ந்து வாயைத் திறந்தார். காற்று வந்தது. எச்சில் வந்தது. வார்த்தை வரவில்லை. மறுபடியும் திறந்தார்.

அம்மா சக்கரத்தைக் கையால் நிறுத்திவிட்டு, நல்ல காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

"கேக்குது" என்றாள். சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா இறந்துபோனார். அதுவரை பேச்சு திரும்பவில்லை. போதகர் வேறு ஊர்ச் சபைக்கு மாற்றலாகிப் போனார். அண்ணன் வெல்டிங் பட்டறையை நடத்துகிறான். நான் அம்மாவோடு இருக்கிறேன். அவள் இன்னும் தைக்கிறாள். வலது காதும் இப்போது மங்கிவருகிறது.