அரை அட்டை

ஜூன் 11, வியாழன். ஒரு சின்னத் தவறு. அப்பாவின் பிரஷர் மாத்திரை இந்த மாதம் தீரவே இல்லை. போன மாதம் இரண்டு தடவை வாங்கிவிட்டு ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது. கவனம் போதாது.

இப்படி எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டுத்தான் அவள் அன்று காலை மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பினாள். மாலை வகுப்பில் கணக்குப்பதிவு படிக்கிற பெண். கணக்கு இடித்தால் முதலில் தன் மேலேயே சந்தேகப்படுகிற குணம் வகுப்பில் சேர்வதற்கு முன்பே அவளுக்கு உண்டு. ஊரடங்கு வந்ததும் வகுப்பு கைபேசிக்குள் போய்விட்டது. குணம் எங்கேயும் போகவில்லை.

அந்த வீட்டில் வெளியே போய்ச் சம்பாதிக்கிறவள் இப்போது அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடங்கள் மூடியதும் அப்பாவின் பள்ளி வேன் வாசலில் தூசி படிந்து நின்றுவிட்டது. அண்ணன் நோய் வருவதற்கு முன்பே வேலையை விட்டவன். வேலை போகவில்லை, இவனாகத்தான் விட்டான். "இனி ஆயுசுக்கும் நான் யாருக்கும் கைகட்டி நிக்க வேண்டியதில்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன், ஊரடங்கு அறிவித்த வாரமே வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினான். முன்னறை அவனுக்கு ஆனது. மருந்துக் கடையிலிருந்து கிருமியைக் கொண்டுவந்துவிடுவாள் என்று அவளுடைய பாயும் தட்டும் துணி துவைக்கும் இடத்துக்குப் போயின. அவள் கொண்டுவந்த சம்பளத்தை மட்டும் யாரும் ஒதுக்கி வைக்கவில்லை.

வியாழன் தோறும் மாலையில் அண்ணன் முன்னறையில் உட்கார்ந்து, சிக்கனமாக வாழ்ந்து சுதந்திரம் அடைவது எப்படி என்று இணையத்தில் நேரலையாகப் பேசுவான். தன் மாதச் செலவை அட்டவணை போட்டுக் காட்டுவான். வாடகை பூஜ்யம். சாப்பாடு பூஜ்யம். இணையம் பூஜ்யம். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தப் பூஜ்யம் ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு வரிசையில், முகக்கவசத்துக்குள் வியர்த்தபடி நின்று கட்டியவள் அவள்.

அன்று மதியம் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு அம்மாள் வந்தாள்.

"அரை அட்டை குடு, தங்கச்சி."

"என்னக்கா, போன தடவையும் அரைதானே வாங்கினீங்க? உங்க வீட்டுக்காரருக்கு தினம் ஒண்ணுன்னுல்ல எழுதியிருக்கு?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா போதுமாம். டாக்டரும் கம்பெனியும் சேர்ந்து நம்ம தலையில மிளகாய் அரைக்கிறாங்களாம்."

"யாரு சொன்னா?"

"ஒரு புள்ளதான். வேலைக்கே போகாம ராஜா மாதிரி இருக்கான். அவங்கப்பாவே சொல்றாரு பாரு. ஆளு எப்படி திடமா இருக்காரு!"

அந்த அம்மாள் கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். திரையில் தெரிந்தது இவள் வீட்டு முன்னறை, இவள் தைத்த திரைச்சீலை. அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு, வழவழவென்று சவரம் செய்த முகத்தோடு அப்பா உட்கார்ந்திருந்தார். "பையன் சொன்னதுலேருந்து பாதிதான் போடுறேன். ஒரு குறையும் இல்ல." அண்ணன் அவர் தோளில் கை போட்டுச் சிரித்தான். "இவர்தான் என்னோட முதல் மாணவர்."

அவள் கணக்கு தப்பவில்லை. மாத்திரைதான் உள்ளே போகவில்லை. நாலு நாள் முன்பு அப்பா எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூக்கக் கலக்கம் என்றார். அதையும் அவள் நம்பினாள். அவளுக்குக் காது மடல் சுட்டது.

"அக்கா, அவர் திடமாவும் இல்ல ஒண்ணும் இல்ல. அவர் எங்கப்பா."

அந்த அம்மாள் திரையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "முழு அட்டையாவே குடுத்துடும்மா" என்றாள், சின்னக் குரலில்.

முதலாளியிடம் சொல்லிக் கடையின் பிரஷர் கருவியை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தபோது நேரலை நடந்துகொண்டிருந்தது. வழக்கம்போலப் பின்பக்கமாகப் போய்க் குளிக்கவில்லை. நேராக முன்னறைக்குள் நுழைந்து, மூலையில் மினுக்கிக்கொண்டிருந்த மோடத்தின் வயரைப் பிடுங்கினாள்.

"ஏய்! லைவ் போயிட்டிருக்குடி!"

"இப்ப போகல."

"குளிக்காம உள்ள வர்றியே, அறிவிருக்கா? அம்மா, இவளைப் பாரு!"

அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். மகள் அண்ணனைத் தாண்டிப்போய், அப்பாவின் சட்டைக் கையைச் சுருட்டிக் கருவியின் பட்டையைச் சுற்றினாள். கருவி உஸ்ஸென்று மூச்சு விட்டு எண்ணைக் காட்டியது. நூற்றுத் தொண்ணூறுக்கு மேல்.

"ஒரு தடவை அதிகமாக் காட்டினா என்ன?" என்றான் அண்ணன். "வெயில்ல வந்து—"

"வெயில்ல வந்தது நான். அவர் ஃபேன் அடியில உக்காந்திருக்கார்."

"நான் என்ன மாத்திரையை நிறுத்தச் சொன்னேனா? குறைக்கலாமேன்னேன். சும்மா ஒரு யோசனை. இதுதாண்டி என் பொழைப்பு, அதுல மண்ணள்ளிப் போடாத."

"பொழைப்பே வேண்டாம்னு சொல்றதுதானே உன் பொழைப்பு? உன் சுதந்திரத்துக்குச் சோறு போடுறது நான். அதுக்கு அப்பாவோட ரத்தக் குழாயும் வேணுமா?"

"அண்ணனைப் பார்த்துப் பேசுற பேச்சா இது?" என்றாள் அம்மா.

"அம்மா, நீ அடுப்பைப் பாரு. அந்த வீடியோவை நம்பி இன்னிக்கு ஒருத்தங்க எங்கிட்டயே வந்து அரை அட்டை கேட்டாங்க. இன்னும் எத்தனை கடையில எத்தனை பேரோ! அண்ணா, அதை எடு. 'நான் சொன்னது தப்பு'ன்னு போடு. இந்த இணைப்பு என் பேர்ல இருக்கு. நீ போடுற வரைக்கும் இந்த வயர் என் பையிலதான் இருக்கும்."

அண்ணன் முறைத்தான். பிறகு தன் கைபேசியில் இருந்த கொஞ்ச இணையத்தைச் செலவழித்து, காணொளியை நீக்கி, இரண்டு வரி எழுதினான். பல மாதங்களில் அவன் காசு கொடுத்துச் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். அவள் அப்பாவை உள்ளே கூட்டிப்போனதும் அறைக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டான்.

அவள் டாக்டருக்குப் போன் செய்தாள். தலைவலி, நெஞ்சுவலி, பேச்சுக் குழறல் இல்லையே என்று கேட்டுக்கொண்டு, வழக்கமான மாத்திரையை உடனே கொடு, காலையில் முதல் வேலையாக அழைத்து வா, நடுவில் ஏதாவது ஆனால் காத்திருக்காதே என்றார் அவர். அப்பா மாத்திரையை விழுங்கிவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அவன் சொன்னான்னு மட்டும் இல்லம்மா. நீ ஒருத்தி ஓடுறே. வேனும் நின்னுபோச்சு. நான் எதைத்தான் குறைக்கிறது?"

அவளுக்குக் கோபம் தணியவில்லை, இன்னும் ஏறியது. கத்தினால் அவர் எதிரில் அழுதுவிடுவோம் என்று தோன்றியது. "இனிமே மாத்திரை என் கண் முன்னாடி போடணும்" என்று மட்டும் சொல்லி, டம்ளரை வாங்கிக்கொண்டாள். தன் பாயை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, முகக்கவசத்தோடு விரித்தாள்.

வகுப்பு அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. நோட்டை எடுத்துக் காலையில் எழுதியதை அடித்துவிட்டு, கீழே எழுதினாள்:

நாளை காலை ஏழு மணிக்கு அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். பழைய சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். கடைக்குத் தாமதமாக வருவேன் என்று முதலாளியிடம் சொல்ல வேண்டும்.