தேக்காவில் மூன்று நாள் விடுமுறை

டிசம்பர் லீவுக்கு எங்கள் மாடியில் ஆளாளுக்குக் கொரியா, ஜப்பான் என்று பனி பார்க்கக் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டு நடேசனும் மங்களமும் கிளம்பியது சிங்கப்பூருக்குள்ளேயே, ஈசூனிலிருந்து தேக்காவுக்கு, அதான் லிட்டில் இந்தியாவுக்கு. அரை மணி நேர எம்ஆர்டி ரயில். அதற்கு இரண்டு டிராலிப் பெட்டி, ஆளுக்கொரு ஸ்வெட்டர். மழைக்காலமாம், ஓட்டல் அறை குளிருமாம்.

"மூணு நாள் ஓட்டல்ல ஸ்டேகேஷன், பஞ்சவர்ணக்கா," என்றாள் மங்களம், லிப்டுக்குக் காத்துக்கொண்டு. "அவருக்குச் சாப்பாடு, எனக்கு ஆர்ட் கேலரில படம். அதான் டீல்."

அவள் சமூக மன்றத்தில் வாட்டர்கலர் கற்றுக்கொள்கிறாள். இதுவரை வரைந்ததெல்லாம் பப்பாளிதான், அவள் மாம்பழம் என்று சாதித்தாலும். நடேசன் பஸ் ஓட்டுகிறவன். எந்த ஸ்டாப்பில் இறங்கினால் எந்தக் கடையில் மீன் கறி நன்றாக இருக்கும் என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வான்.

வேறு நேரமாக இருந்தால் இந்தப் பயணத்தை வைத்தே மாடி முழுக்க ஒரு வாரம் வம்பளந்திருப்பேன். ஆனால் எனக்கு விஷயம் தெரியும். அதற்கு முந்தின வாரம் முட்டி வலிக்கு ஆஸ்பத்திரி போனபோது வழி தவறி வேறு மாடியில் இறங்கிவிட்டேன். (வழி தவறி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.) அங்கே வரிசையில் நடேசன். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. நாக்கில் புற்று. லீவு முடிந்து வரும் திங்கட்கிழமை ஆபரேஷன், இடது பக்கம் பாதியை எடுத்துவிடுவார்கள். உடனே செய்தால் பிழைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போட்டால் எதுவும் சொல்வதற்கில்லை என்றாராம் டாக்டர். மங்களத்துக்கு ஒன்றும் தெரியாது.

"நானே சொல்லிடுறேன் அக்கா. அதுக்குத்தான் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன். நீங்க மட்டும் வாயைத் தொறந்துடாதீங்க."

சத்தியம் செய்தேன். என்னை நம்பி ஒருவர் அப்படிக் கேட்டது அறுபத்து மூன்று வயதில் அதுதான் முதல் தடவை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ரேஸ் கோர்ஸ் ரோட்டு மீன் தலைக் கறிக் கடையில் எட்டிப் பார்த்தேன். இருந்தார்கள்.

"அக்கா! இங்க எங்க?" என்றாள் மங்களம்.

"வெல்லம் வாங்க வந்தேம்மா."

"மீன் கடைலயா?" அவளுக்குச் சிரிப்பு. "உக்காருங்க லா. இவரைப் பாருங்க, இவ்வளவையும் ஆர்டர் பண்ணிட்டுத் தயிர்சாதத்தப் பிசைஞ்சுக்கிட்டு இருக்காரு. வயசாயிடுச்சு."

நடேசன் சட்டியிலிருந்து மீன் கண்ணை எடுத்து அவள் இலையில் வைத்தான்.

"பாத்தீங்களா? கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். இன்னைக்குத்தான் கண்ணு எனக்கு வந்திருக்கு!"

அவள் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். அவன் ஒவ்வொரு வாய்க்கும் கண்ணைச் சுருக்கி விழுங்கினான். அவள் கை கழுவப் போனதும் குனிந்து கேட்டேன்.

"சொல்லிட்டியா தம்பி?"

"சாயங்காலம் கேலரில சொல்றேன் அக்கா. அங்க யாரும் சத்தம் போட மாட்டாங்கல்ல, அவளும் அழ மாட்டா."

ஆண்பிள்ளையின் திட்டத்தைப் பாருங்கள்.

ஞாயிறு மாலை பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். மங்களத்தின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷி திரும்பி வரக் கூடாது.

"கேலரில ஒரு ஆத்தங்கரைப் படம் அக்கா. அதுக்கு முன்னாடி நின்னு என் கையப் புடிச்சவரு கால் மணி நேரம் விடலை. ஒரு வார்த்தை பேசலை. படம் பாக்கக் கத்துக்கிட்டாரு!"

நடேசன் எங்கள் இருவரையும் பார்க்காமல் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை லிப்டு வாசலில் நின்றேன். அவன் பஸ் யூனிபார்மில் வந்தான்.

"இன்னைக்கு ஆபரேஷன்ல?"

"தள்ளி வெச்சுட்டேன் அக்கா. பொங்கல் கழியட்டும்."

அப்போதே அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. சத்தியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பெரிய சத்தியம். பொங்கல் கழிந்தது. தைப்பூசம் ஆகட்டும் என்றான். அப்புறம் சீனப் புத்தாண்டு, பஸ் ஓட்ட ஆள் போதாது என்றான். நான் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினேன். யாரைப் பற்றியும் எதையும் மறைக்காத நான்.

ஏப்ரலில் அவனுக்குத் தண்ணீர்கூட இறங்காமல் போகவே மங்களம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கழுத்து வரை பரவிவிட்டது, இனி வெட்டிப் பயனில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

நேற்று துணி காயப்போட வந்த மங்களம் அப்படியே நடைபாதையில் நின்றுவிட்டாள்.

"டிசம்பர்லயே அவருக்குத் தெரியுமாம் அக்கா. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்டயாவது உளறியிருக்கக் கூடாதா? உங்க காதுல விழுந்திருந்தா அன்னைக்கே எனக்கு வந்து சேந்திருக்குமே."

"ஆமாம்மா," என்றேன்.

அவள் கையை விடவே இல்லை.