பயிற்சி அளிக்கப்பட்டது

அந்த வார்டில் முப்பத்தெட்டுக் கட்டில்கள். பகல் வேலைக்கு நான்கு நர்ஸ்கள் இருக்கவேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்த தாள் சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வந்திருந்தது இரண்டே பேர். ஒருத்தி சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஊசி போட இன்னும் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கவேண்டும். மற்றவளுக்குப் பதினேழு வருஷ சர்வீஸ். நடந்துகொண்டே பேசி, பேசிக்கொண்டே எழுதி, எழுதிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

காலை ரவுண்ட்ஸில் இருபத்தோராம் கட்டில் அம்மாவை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் எழுதிவிட்டுப் போனார். பக்கவாதம் வந்து பன்னிரண்டு நாள். வலது பக்கம் அசையாது, பேச்சு இல்லை, விழுங்க முடியாததால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டிருந்தது. குணமாகி அனுப்பவில்லை. கீழே எமர்ஜென்சியில் மூன்று பேர் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தார்கள், அதனால் அனுப்பினார்கள்.

"மத்தியானத்துக்குள்ள கட்டில் காலியாகணும்" என்றாள் ஹெட் நர்ஸ்.

"அவங்க வீட்டுக்காரருக்கு இன்னும் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலையே அக்கா" என்றாள் எக்ஸ்பிரஸ்.

"பத்து நிமிஷம் எடுத்துக்கோ. சொல்லிக் குடுத்துட்டு கையெழுத்து வாங்கிடு."

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தைந்து வயதிருக்கும். எக்ஸ்பிரஸ் கட்டிலருகே போய் நின்றதும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்தார்.

"எழுதிக்கிறேன் சிஸ்டர். எங்க வேலையில எழுதாம எதையும் தொடக்கூடாது. ஞாபகத்தை நம்பினா எவனோ ஒருத்தன் கீழ போய் விழுவான்."

பிறகு மனைவியின் பக்கம் குனிந்து, "முப்பது வருஷம் உன் சமையலைக் குறை சொன்னேன் இல்ல? இனிமே நான் கரைக்கிறதை மூக்கு வழியா சாப்பிடப்போறே. குறை சொல்லக்கூட முடியாது பாரு" என்றார். அந்த அம்மாளின் இடது உதட்டோரம் லேசாகக் கோணியது. சிரிப்புத்தான்.

எக்ஸ்பிரஸ் ஆரம்பித்தாள். கை கழுவணும். ஆளை நிமிர்த்தி உட்கார வைக்கணும். சிரிஞ்சால் இழுத்துப் பார்த்து, குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்யணும். மெதுவாக ஊற்றணும், அழுத்தித் தள்ளக்கூடாது. ஊற்றி முடித்ததும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவணும். மெக்கானிக் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுதிக்கொண்டே வந்தார். "அப்புறம் முக்கியமா..." என்று அவள் வாயெடுத்தபோது அந்தக் கோடியிலிருந்து புது நர்ஸ் கத்தினாள்.

"அக்கா, முப்பத்தி நாலு! வலிப்பு!"

எக்ஸ்பிரஸ் ஓடினாள். திரும்பி வர அரை மணி நேரமாகிவிட்டது. அதற்குள் இருபத்தோராம் கட்டிலின் கால்மாட்டில் அடுத்த நோயாளியைத் தள்ளுவண்டியோடு கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். வண்டி தள்ளுகிறவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் மனைவியின் துணிகளை ஒரு பையில் அடைத்து, அதன் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏதாவது சந்தேகம் இருக்கா சார்?"

"இல்ல சிஸ்டர். எல்லாம் எழுதிட்டேன்."

'பராமரிப்பாளருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது' என்ற வரிக்குப் பக்கத்துக் கட்டத்தில் அவள் டிக் அடித்தாள். கீழே அவர் கையெழுத்துப் போட்டார், அவளும் போட்டாள். அன்று மாலை வீட்டுக்குப் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தபோதுகூட அந்த 'அப்புறம் முக்கியமா' அவள் நினைவுக்கு வரவில்லை.

ஒன்பதாம் நாள் அந்த அம்மாளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உடம்பு கொதித்தது. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தம். அதே வார்டுதான், கட்டில் மட்டும் வேறு. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "சாப்பாடு நுரையீரலுக்குள்ள போயிருக்கு" என்றார். "ஊத்தினதும் படுக்க வெச்சீங்களா?"

"ஊத்தும்போது உக்கார வெச்சுதான் ஊத்தினேன் சார். முடிச்சதும் படுக்க வெச்சுடுவேன். முதுகு வலிச்சு முகத்தைச் சுளிப்பா."

"அரை மணி, ஒரு மணி நேரம் தலை உயரமாவே இருக்கணும்னு சொல்லியிருப்பாங்களே?"

மெக்கானிக் சட்டைப் பையைத் தடவினார். நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பக்கத்தில் சலைன் பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்த எக்ஸ்பிரஸுக்கு அந்த 'அப்புறம் முக்கியமா' இப்போது நினைவுக்கு வந்தது.

டாக்டர் போனபின் அவள் நோட்டைக் கேட்டு வாங்கினாள். ஒன்றிலிருந்து ஐந்துவரை அவள் சொன்னதெல்லாம் அப்படியே, கொட்டை எழுத்தில். ஐந்தாவது, 'முடித்ததும் தண்ணீர்.' அதற்குக் கீழே ஒன்றுமில்லை. மறுபக்கத்திலிருந்து ஒன்பது நாள் கணக்கு. ஆறு மணி, இருநூறு மில்லி. ஒன்பது மணி, இருநூறு மில்லி. ஒரு வேளைகூடத் தப்பவில்லை. ஓரிடத்தில், 'இன்று இடது கையால் என் சட்டையைப் பிடித்தாள்' என்று எழுதியிருந்தார்.

மறுநாள் அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னாள்.

"சார், அதை நான் சொல்லவே இல்ல. சொல்ல வந்தேன், நடுவுல ஓடிட்டேன். திரும்பி வந்து விட்ட இடத்துல ஆரம்பிக்கலை. தப்பு என்னோடது."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். இருந்தது இரக்கம்.

"சொல்லியிருப்பீங்கம்மா."

"இல்ல சார். உங்க நோட்டுலயே இல்லையே."

"நோட்டுல இல்லேன்னா நான் எழுதலைன்னுதானே அர்த்தம்? நீங்க நூறு பேருக்குச் சொல்றவங்க, உங்களுக்கு மறக்குமா? நான் ஒருத்திக்காகத்தான் கேட்டேன். அதையும் ஒழுங்கா கேக்கலை." சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தார். "எல்லாம் தெரியும்னு கையெழுத்து வேற போட்டேன்."

அப்போது அவருடைய போன் அடித்தது. வேறு ஊரில் இருக்கும் மகள். அவர் காதோடு ஒட்டி வைத்திருந்தும் அந்தக் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "ஒரே ஒரு வேலைதானேப்பா... உக்கார வெக்கறது ஒரு கஷ்டமா?" அவர் "ஆமாம்மா, ஆமாம்மா" என்றுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பச் சேர்த்த நான்காம் நாள் முற்பகல் பதினொரு மணிக்கு அந்த அம்மாள் போய்விட்டாள். மெக்கானிக் அழவில்லை. கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்துதான் இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு வெளியே போய் நின்றுகொண்டார்.

எக்ஸ்பிரஸ் நடந்ததை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி ஹெட் நர்ஸிடம் நீட்டினாள். அவள் நின்றபடியே படித்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதை மேல அனுப்பினா என்ன ஆகும் தெரியுமா? உன்னை ஒரு மாசம் வீட்டுல உக்கார வெப்பாங்க. அந்தக் கத்துக்குட்டி ஒருத்தி இத்தனை கட்டிலையும் தனியா பாப்பா. அந்த ஒரு மாசத்துல எத்தனை பேரு போவாங்கன்னு கணக்குப் போட்டியா?"

"அந்த மனுஷன் தான்தான் கொன்னுட்டேன்னு நெனைச்சிட்டிருக்காரு அக்கா."

ஹெட் நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள். அவளும் கெட்டவள் இல்லை. ஆள் போடச் சொல்லி மேலே எழுதி எழுதி அவள் கையும்தான் ஓய்ந்திருந்தது. "அனுப்பித் தொலை" என்றாள்.

மூன்று பேர் கொண்ட குழு விசாரித்தது. மேஜைமேல் அந்தப் படிவம் இருந்தது. டிக் இருந்தது, இரண்டு கையெழுத்தும் இருந்தன.

"அன்னிக்கு சொல்லிக் குடுத்தேன்னு எழுதியிருக்கீங்க. இன்னிக்கு இல்லேன்னு எழுதியிருக்கீங்க. எதை நம்பறது?" என்று கேட்டார் ஒருவர்.

"இன்னிக்கு எழுதினதை, சார். அன்னிக்கு எனக்கு நேரமில்ல."

அவர்கள் மெக்கானிக்கையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். "சிஸ்டர் சொல்லித்தான் குடுத்தாங்க. நான்தான் கவனிக்கலை" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனாராம். இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. வீட்டில் பராமரித்தவரின் கவனக்குறைவு, மருத்துவமனைமீது குற்றமில்லை. முரணாக எழுதிக் கொடுத்ததற்காக எக்ஸ்பிரஸுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். படிவத்தில் 'உணவுக்குப் பின் தலையை உயர்த்தி வைப்பது' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்கள். வார்டுக்குப் புதிதாக ஓர் ஆள்கூடச் சேர்க்கவில்லை.

எக்ஸ்பிரஸ் மெக்கானிக்கின் எண்ணைப் பல தடவை கூப்பிட்டாள், அவர் எடுக்கவில்லை. பழைய கேஸ் தாளில் அவசரத்துக்கு என்று எழுதியிருந்த மகளின் எண் கிடைத்தது. சாப்பாட்டு நேரத்தில், போர்வைகள் அடுக்கிய அறையில் நின்றுகொண்டு கூப்பிட்டாள். ஆரம்பத்திலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா ஏற்கெனவே சொன்னாருங்க" என்றாள் மகள் கடைசியில். "ஒரு சிஸ்டர் கூப்பிடுவாங்க, தப்பைத் தன் மேல போட்டுக்குவாங்க, நல்ல மனசு, நீ நம்பிடாதேன்னு. அதுதான் அவர் என்கிட்ட கடைசியா பேசினது. அப்புறம் அவர் கூப்பிட்டா நான் போன் எடுக்கறதில்ல."

"நான் சொல்றது நிஜம்மா."

"பரவாயில்லைங்க. அவருக்காக யாராவது பேசறீங்களேன்னு இருக்கு. வேலையையும் விட்டுட்டாராம். மனுஷங்க ஏறி இறங்கற லிஃப்டை இனிமே தன் கையால தொடமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாராம்." அவள் குரல் உடைந்தது. "தொடாம இருக்கறதே நல்லதுன்னு நானும் நெனைச்சேன். பெத்த அப்பாவைப் பத்தி அப்படி நெனைக்க வெச்சுட்டாரு பாருங்க."

எக்ஸ்பிரஸ் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், "நீங்க உங்க உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்துவிட்டாள்.

ஒரு வாரம் விட்டு எக்ஸ்பிரஸ் மறுபடி மகளைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. அடுத்த வாரம் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.