சொல்லக்கூடிய நோய்

…கிரியாட்டினின் கூடியிருக்கிறதாம், இத்தனை வருடமாக உயிரைப் பிடித்துவைத்திருக்கும் அதே குளிசைதான் சிலருக்குச் சிறுநீரகத்தில் கைவைக்குமாம், மாற்றிக் கொடுத்திருக்கிறார் டொக்டர், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீங்கள் என்று கேட்டதற்கு யூஜீனியா மருந்துத் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள், அவள் மீன் காயப்போடும் கருவாட்டு வாடியில் கக்கூஸ் இல்லை, அங்கே வேலைசெய்யும் பெண்கள் பொழுதுசாயும் வரை நாக்கை நனைப்பதோடு சரி, இதைப் போய் ஒரு ஆம்பிளை டொக்டரிடம் எப்படிச் சொல்வது… பயம் வரவேண்டுமே, ஏன் வரவில்லை, முதன்முதலில் எச்ஐவி என்று சொன்ன அன்றே பயமெல்லாம் தீர்ந்துபோயிற்றா, அன்றைக்கு அக்கா றோசலினிடம் மட்டும் சொன்னாள், அக்கா கட்டிப்பிடித்து அழுதாள், மறுநாள் காலையில் இவளுடைய தேத்தண்ணீர்க் கோப்பை தனியாக யன்னலோரம் இருந்தது, அக்காவைக் குறைசொல்ல ஏலாது, பிள்ளைகள் உள்ள வீடு, அழுததும் பொய்யில்லை, கோப்பையும் பொய்யில்லை.

கிளினிக்கிலிருந்து திரும்பும் பஸ்ஸில் பாலாவியில் பக்கத்து வளவு மஹ்மூதா ஏறிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்க போய்ட்டு வார புள்ள, மொகமெல்லாம் வாடிக் கெடக்கு." யூஜீனியா வழக்கமாகப் பல்வலி என்பாள், இன்றைக்கு யோசிக்குமுன் வாய் முந்திக்கொண்டது. "கிட்னியில கோளாறாம் அக்கா." எவ்வளவு சத்தமாகச் சொன்னாள், முன்சீட்டுக்காரர் கூடத் திரும்பிப் பார்த்து உச்சுக்கொட்டினார், ஒருவரும் தள்ளி உட்காரவில்லை. "இந்தக் கெணத்துத் தண்ணிதான் புள்ள, எங்கட மச்சானுக்கும் இதே கத. இந்தா, குடி." மஹ்மூதா தன் போத்தலை நீட்டினாள், யூஜீனியா அண்ணாந்து ஊற்றப்போனாள், பஸ் குலுங்கி முகமெல்லாம் தண்ணீர், "வாய வெச்சே குடி." வைத்துக் குடித்தாள். மஹ்மூதா போத்தலை வாங்கினாள், துடைக்கவில்லை, அப்படியே தானும் இரண்டு மிடறு குடித்தாள். இதனால் தொற்றாது என்று கிளினிக் நேர்ஸ் எத்தனை தரம் சொல்லியிருப்பார், தெரியும், றோசலின் அக்காவுக்கும் தெரியும்…

அன்னம்மாள் கோயிலுக்குத் திரும்பும் தலவிலச் சந்தியில் கை தானாகச் சிலுவை போட்டது. புதுக்குளிசை ஒத்துக்கொண்டால் சிறுநீரகம் சரியாகிவிடும் என்றாரே டொக்டர், சரியாகட்டும் என்றுதானே அன்னம்மாளிடம் கேட்கவேண்டும், கேட்க நினைத்தாள், சொல் வரவில்லை, இது சுகமாகிவிட்டால் பிறகு மிஞ்சுவது மற்றது மட்டும்தானே, அதைச் சொன்னால் யார் போத்தலை நீட்டுவார்கள்… மஹ்மூதா இவள் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தாள். யூஜீனியா கையை எடுக்கவில்லை.