ஜாடிக்குள் அண்ணன் வைத்த சூரியன்

அண்ணன் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கையைப் போனில் அழைத்தார். "உடனே வா. என் ஜாடிக்குள்ள சூரியன் வந்தாச்சு. நாலு மணிக்கு நிருபரையும் வரச்சொல்லிட்டேன்."

போன வருடம் அவர் கண்டுபிடித்த 'கரையாத சோப்'பைச் சொல்லி ஆசிரியர் அறையில் இன்னமும் சிரிக்கிறார்கள். இது அச்சில் வந்து பொய்த்தால், மாணவர்கள் முன்னால் எந்த முகத்தோடு நிற்பார்? தங்கைக்கு வேலையே ஆஸ்பத்திரித் தெர்மாமீட்டர்களைச் சரிபார்ப்பதுதான். இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டாள்.

சமையல் மேடையில் உயரமான கண்ணாடி ஜாடி. அதில் கனநீர், அதாவது ஹைட்ரஜனின் கனத்த சகோதரனைக் கொண்ட தண்ணீர்; கரண்ட் பாயக் கொஞ்சம் உப்பு. மேலிருந்து இரண்டு கம்பிகள், ஒன்று பல்லேடியம் என்ற உலோகம். கரண்ட் பாய்ந்தால் கனத்த ஹைட்ரஜன் பல்லேடியத்துக்குள் முண்டியடித்துப் புகுந்துகொள்ளும். அங்கே இரண்டு அணுக்கருக்கள் இணைந்துவிட்டால் வெப்பம் கொட்டும். ஆனால் அணுக்கருக்கள் ஒன்றையொன்று கண்டாலே விலகி ஓடுபவை. அவற்றை இணைக்கச் சூரியனுக்கே ஒன்றரைக் கோடி டிகிரி சூடு தேவைப்படுகிறது.

"குடுத்த கரண்டைவிட ஒன்றரை மடங்கு சூடு வருது!"

"இணைஞ்சா ஆளைக் கொல்லுற நியூட்ரான் கதிரும் வரணுமே அண்ணா. இவ்வளவு சூட்டுக்கு வந்திருந்தா நீ எனக்குப் போன் பண்ணியிருக்க மாட்ட. எதிர்வீட்டுப் பூனைகூட மிஞ்சியிருக்காது."

"பூனை நல்லாத்தான் இருக்கு. இது புது மாதிரி இணைவு."

"சாதாரண தண்ணியில செஞ்சு பாத்தியா?"

"அதுல எதுக்கு? அதுலதான் ஒண்ணும் வராதே!"

"வராதுன்னு பாத்தியா, நெனச்சியா?"

அண்ணன் முணுமுணுத்தபடி கனநீரைப் பாட்டிலில் ஊற்றி மூடினார். ஜாடியில் சாதாரண நீர், அதே உப்பு, அதே கரண்ட். ஒரு மணி நேரம் கழித்துக் கணக்குப் போட்டார். அதே ஒன்றரை மடங்கு.

"பரவாயில்லையே, குழாயைத் திறந்தாலே சூரியன் கொட்டுது!" என்றாள் தங்கை.

பிறகு குனிந்து பார்த்தாள். கம்பிகள் குட்டை, ஜாடியின் மேல்பகுதியைத்தான் எட்டின. சூடான தண்ணீர் லேசானது, மேலேயே தங்கிவிடும். தெர்மாமீட்டர் தொங்கியதும் அங்கேதான். அந்த மேல்தண்ணீரின் சூட்டை அண்ணன் ஜாடி முழுவதற்கும் கணக்கிட்டிருந்தார். தங்கை நீளக் கரண்டியால் மெல்லக் கலக்கினாள். தெர்மாமீட்டர் சரசரவென்று இறங்கியது. கணக்கில் உபரி என்று ஒரு துளிகூட மிஞ்சவில்லை.

மூன்று மாத உழைப்பு. அண்ணன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அழைப்பு மணி அடித்தது.

"உனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லி அனுப்பிடவா?"

அண்ணன் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, தானே போய்க் கதவைத் திறந்தார்.

"வாங்க சார். சூரியன் இல்ல, தப்பாப் போச்சு. ஆனா அருமையான தப்பு. அரை மணி நேரம் இருந்தீங்கன்னா கண்ணாலயே பாக்கலாம்."

நிருபர் குழம்பினாலும் உட்கார்ந்தார். அண்ணன் ஜாடியில் புதுத் தண்ணீர் ஊற்றி, கரண்டைப் போட்டு, விளக்க ஆரம்பித்தார். இடையில் தங்கையைத் திரும்பிப் பார்த்துக் கத்தினார்:

"ஏய், கரண்டியைக் கீழ வை! இப்பவே கலக்கிட்டா தப்பு எப்படி வரும்?"