படத்தில் இருந்த வேட்டைக்காரர்

வனவிலங்குகளிடமிருந்து மனித குலத்தைக் காத்து நிற்பது இரட்டைக்குழல் துவக்கு ஒன்றே. கொட்டாஞ்சேனை செபஸ்தியன் பர்னாந்துவின் அசைக்க முடியாத கொள்கை இது. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரையிடம் அவர் வாங்கிய துவக்கு இதுவரை காத்து வந்தது, அலுமாரிக்குப் பின்னால் குடியிருந்த பல்லிகளை. வாங்கிய நாள்முதல் அது வெடித்ததில்லை.

வெடிக்காவிட்டால் என்ன, பேச்சு இருந்தது. குழல்கள் பக்கம் பக்கமாக இருந்தால் அது கனவானின் துவக்கு; ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தால் நேற்றுப் பணம் கண்டவனுடையது. முன்விசை வலக்குழலுக்கு, சன்னங்களை அகலமாக விசிறும். பின்விசை இடக்குழலுக்கு, நெருக்கமாக அனுப்பும். துறைமுகக் கந்தோரில் தலைமை லிகிதரான அவர் இதை விளக்கும்போது கீழே வேலை பார்த்தவர்கள் மறுபேச்சின்றித் தலையாட்டினார்கள்.

கூடத்தில் மாட்டியிருந்த படம் வேறு சாட்சி. ஸ்டூடியோவில், இரவல் சிறுத்தைத்தோலின்மேல் காலை வைத்து, வெளிச்சப்பொடி படீரென்று வெடிக்க எடுத்தது. தோளில் அமுக்கினால் கோட்டு சுருங்கும் என்று படக்காரர் துவக்கின் பிடங்கைச் சற்றுத் தள்ளிப் பிடிக்கச் சொன்னார். மோதிரங்கள் தெரிய இரண்டு விசைகளிலும் இரண்டு விரல்கள். தாடை மேலே. கண்களோ சிறுத்தை எழுந்து வந்தாலும் இமைக்காத கண்கள். துவக்குப் பிடிப்பதில் செபஸ்தியன் பெற்ற பயிற்சி அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அவருடைய மைத்துனி கொன்ஸ்ரன்ஸ் அலறினாள். திறந்து கிடந்த கேற்றால் ஒரு நாய் நுழைந்திருந்தது. வாயில் நுரை, நடையில் தள்ளாட்டம். அவள் கிணற்றுக்கட்டில் ஏறிவிட்டாள். முன்னால் நாய், பின்னால் கிணறு, காலடியில் சவர்க்கார வழுக்கல். விசர்நாய் கடித்த மீன்காரர் ஒருவர் தண்ணீரைக் கண்டு அலறிச் செத்தது போன கிழமைதான்.

"அத்தான், துவக்கு! கெதியா வாங்க!"

செபஸ்தியன் வந்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். துவக்கோடு கிடைத்த பழைய தோட்டாக்கள் இரண்டையும் செருகினார்.

மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு மாணிக்க வியாபாரி ராசிக்கின் தலை தெரிந்தது. அவர் முத்துராஜவெல சதுப்பில் உள்ளான் குருவி சுடுபவர்; அன்று பார்த்து அவருடைய துவக்கு புத்தளத்தில் தம்பியிடம் இருந்தது.

"மிஸ்டர் பர்னாந்து, தோள்ல நல்லா அமத்துங்க! முன்னுக்குச் சாயுங்க! ஒரு விரல் போதும். ரெண்டும் ஒண்டா வெடிச்சா கழுத ஒதைச்ச மாதிரித்தான்!"

"எனக்கா சொல்லித் தாறீங்க?"

அவருக்குத் தெரிந்த ஒரே நிலையில் நின்றார். பிடங்கு தோளுக்குத் தள்ளி, விரல்கள் இரண்டும் விசைகளில், தாடை மேலே.

"படத்துக்கு நிக்கிறீங்களா அத்தான், சுடப் போறீங்களா?"

நாய் முன்கால்களைக் கிணற்றுக்கட்டில் ஊன்றியது. அவளுடைய பாவாடை விளிம்பில் நுரை பட்டது. ஒரு கால் வழுக்க, துலாக்கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள்.

"ஐயோ, சுடுங்க! நாயைப் பாத்துச் சுடுங்க, என்னை இல்ல!"

இரண்டு குழல்களும் ஒன்றாக வெடித்தன. சன்னங்கள் கொன்ஸ்ரன்ஸின் தலைக்கு மேலே வெகு உயரத்தில் போய் முருங்கைக்கொப்பு ஒன்றை முறித்தன. செபஸ்தியன் பின்னால் பறந்து துணித் தொட்டிக்குள் அமர்ந்தார். சத்தத்துக்குப் பயந்த நாய் கேற்றால் பாய்ந்தது. ஜம்பட்டா வீதியில் வைத்து மாநகரசபை நாய்பிடிகாரர்கள் அதன் கதையை முடித்தார்கள்.

அன்று பின்னேரம், வெடித்த காறை எலும்புக்குக் கட்டுப் போட்டு, செபஸ்தியன் கூடத்தில் சாய்ந்திருந்தார். பார்க்க வந்த ராசிக் மெதுவாகச் சொன்னார்:

"பிடிச்ச பிடி ஒரு பக்கம் இருக்கட்டும். ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிட்டுத்தானே சுட்டீங்க?"

"நானா? வெடிச் சத்தத்துக்குக் கண் மூடுற ஆளா நான்? அந்தப் படத்தைப் பாருங்க! வெளிச்சப்பொடி மூஞ்சிக்கு முன்னால வெடிச்ச நேரம் எடுத்தது. கண் மூடியிருக்கா?"

கொன்ஸ்ரன்ஸ் படத்தைக் கழற்றி, யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு ராசிக்கிடம் நீட்டினாள்.

கண்கள் இரண்டும் தூரிகையால் வரைந்தவை.